சக்கரத்துக்கு மேல் மூன்றாவது ஷீட்

மில் மூடிய பிறகு, காருக்குள் பாட்டுத் தெளிவாகக் கேட்க வெளிச்சத்தத்தை அடக்கும் வேலையைக் கற்றுக்கொள்ளச் சென்னியப்பன் கோகிலவாணியின் கடையில் சேர்ந்தார். சீடருக்கு வயது ஐம்பத்து நான்கு. குருவுக்கு முப்பத்தொன்று. முதல் வாரம் அவருக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. தோள்பட்டை வலிக்கத் தொடங்கியதும் கூச்சம் போய்விட்டது.

நாச்சிமுத்துவின் கார் மூன்று நாளாகக் கடையில் நின்றது. வாரம் மூன்று தடவை அவர் தன் அம்மாவை அன்னூரிலிருந்து கோவைக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப் போவது அந்தக் காரில்தான். திரும்பும்போது அந்தம்மாவுக்குக் கண் சொருகும். கதவுகள் லொடலொடவென்று ஆடி எழுப்பிவிடும்.

"பாட்டு எப்படிக் கேட்டாலும் பரவாயில்லீங்க. அம்மா தூங்கினாப் போதும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

சென்னியப்பன் கதவுகளைப் பிரித்துச் சத்தத்தை அடக்கும் கறுப்பு ஷீட்டை ஒட்டினார். உருளையால் அழுத்தித் தேய்த்தார். சீட்டுகளைக் கழற்றித் தரை முழுக்க ஒட்டினார். நகக்கண்ணெல்லாம் பசை. மூன்றாம் நாள் மதியம் கடைசியாக ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"முடிஞ்சுதுங்க அம்மணி. இனி உள்ளே கொட்டாவி விட்டாக்கூடக் கேட்கும்."

கோகிலவாணி பின்கதவைத் திறந்து குனிந்தார். விரல் முட்டியால் ஒவ்வோர் இடமாகத் தட்டிக்கொண்டே வந்தவர், வலது பின்சக்கரத்துக்கு மேலே நிறுத்தினார்.

"எல்லா இடத்துலயும் ஒரு ஷீட்டு. இங்கே மட்டும் மூணுங்களாண்ணா?"

"ஒண்ணு ஒட்டினேன். ஊன்னு ஒரு சத்தம் அடங்கவே இல்லீங்க. ரெண்டு ஒட்டினேன், அப்பவும் லேசா இருந்துச்சு. மூணாவதுல வாயை மூடிருச்சு."

கோகிலவாணி ஜாக்கியைக் கொண்டுவந்து சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினார்.

"ஸ்பிரிங்கு மேல கையை வைங்கண்ணா."

சக்கரத்தைச் சுழற்றிவிட்டார். சென்னியப்பனின் விரலில் மணலை அரைப்பது போல உறுத்தியது. முப்பது வருஷம் மில்லில் இருந்தவருக்கு, அந்த ஊ சத்தம் சக்கரத்தின் பேரிங் தேய்ந்துபோனதால் வந்தது என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வெட்கமாக இருந்தது. கையை எடுத்துக்கொண்டார்.

நான்கு மணிக்கு நாச்சிமுத்து வந்தார்.

"வண்டி இன்னைக்கு ஓடக்கூடாதுங்க" என்றார் கோகிலவாணி. "பின்னாடி வீல் பேரிங் போயிருக்குது. ஓடறப்பவே சக்கரம் கழண்டு போயிரும். நாளைக்குத்தான் மாத்த முடியும்."

"காலைல ஆறு மணிக்கு அம்மாவை ஆஸ்பத்திரில விடோணுங்களே."

அவர் முகம் தொங்கிப்போய்விட்டது. மூன்று நாளாக வாடகை வண்டிக்கு அலைந்த களைப்பு அதில் அப்படியே இருந்தது. கோகிலவாணி தன் காரின் சாவியை எடுத்து நீட்டினார். பதினான்கு வருஷத்துப் பழைய கார். ஊர் வண்டிக்கெல்லாம் ஷீட் ஒட்டுகிறவர் தன் வண்டிக்கு ஒரு துண்டுகூட ஒட்டியதில்லை. நாச்சிமுத்து கிளப்பியபோது நான்கு கதவும் தகரக்கடை போலச் சத்தம் போட்டன. சத்தி ரோட்டில் திரும்பும்வரை அது கேட்டுக்கொண்டே இருந்தது.

சென்னியப்பனுக்குப் பொறுக்கவில்லை. மூன்று நாள் வேலையின் அலுப்பும் சேர்ந்துகொண்டது.

"அவரு கேட்டதைத்தானுங்க அம்மணி நான் செஞ்சேன். சத்தம் வேண்டாம்னாரு. அம்மா தூங்கோணும்னாரு. உங்க வண்டில அந்தம்மா எப்படிங்க தூங்குவாங்க?"

கோகிலவாணி பின்கதவுக்குள் தலையை விட்டு மூன்றாவது ஷீட்டின் ஓரத்தை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தார். பசை விட மறுத்தது. திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"தூங்கினவங்க வீடு வந்ததும் எந்திரிக்கோணுமில்லீங்களாண்ணா."