சிறுகுறிஞ்சான் கொடுத்த இனிப்பு

அந்தக் காலத்தில், தேனீ கேட்டால் செடி பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது, சிறுகுறிஞ்சான் கொடியின் இலை வெல்லமாய் இனித்தது. இன்றைக்கு அதைத் தேங்காய் போட்டு வதக்கித் தந்தாலும் முகம் சுளிக்கிற நீங்கள் நம்ப மாட்டீர்கள். நம்பாவிட்டால் போங்கள், கதை அதற்காக நிற்காது.

மலையடிவாரத்தில் ஒரு காரைமுள் புதரின் மேல் அவள் படர்ந்து கிடந்தாள். முயல், மான், காட்டாடு எல்லாம் விடிந்ததும் நேரே அவளிடம்தான் வரும். வந்தவர்களோடு காட்டுக்கதை பேசாவிட்டால் அவளுக்குப் பொழுதே போகாது. "இன்னும் ரெண்டு இலை கிள்ளிக்கோ, எங்கே ஓடப்போற?" என்பாள்.

"உன்னை மொட்டையடிச்சிட்டுத்தான் விடுவாங்க" என்று காரை முணுமுணுக்கும். ஆனாலும் அவளைத் தாங்கிய கிளையை அது ஒருநாளும் தளர்த்தியதில்லை.

ஒரு வருஷம் மழை பெய்யவே இல்லை. காடு முழுக்கத் தேடினாலும் ஒரு பூ கிடையாது. பறக்கத் தெம்பில்லாத ஒரு தேனீ அவள் இலைமேல் வந்து விழுந்தது.

"அக்கா, கூட்டுல குஞ்சுங்க மூணு நாளாப் பட்டினி. இன்னைக்கும் வெறும் வாயோட போனா ஒண்ணும் மிஞ்சாது."

"இலையைத் தின்னேன்டி, யார் வேண்டாம்னா?"

"எங்களுக்கு மெல்லத் தெரியாதுக்கா. உறிஞ்சத்தான் தெரியும்."

அவள் யோசித்தாள். இலைகளில் உள்ள இனிப்பையெல்லாம் தண்டுக்கு இழுத்து, கணுக்களில் சொட்டுச் சொட்டாகக் கசியவிட அவளால் முடியும். காரைக்குப் புரிந்துவிட்டது. "வேண்டாம் புள்ள. போன இனிப்பு திரும்பாது. அப்புறம் உன்கிட்ட யார் வருவா?"

அதுதான் அவளுக்கும் பயம். தனியாக இருக்க அவளுக்குத் தெரியாது. ஆனால் அந்தத் தேனீயின் இறக்கை நடுங்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் முடியவில்லை. "போய் எல்லாரையும் கூட்டிட்டு வா" என்றாள்.

சாயங்காலத்துக்குள் கடைசிச் சொட்டும் போய்விட்டது. குஞ்சுகள் பிழைத்தன.

மறுநாள் காட்டாடு ஒரு இலையைக் கடித்துத் துப்பியது. முயல் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. அவள் நாள் முழுக்க அழுதாள். காரை திட்டவில்லை, "நான் இருக்கேன்ல" என்று மட்டும் சொன்னது.

பிறகு மழை வந்தது, காடு பூத்தது. அதே தேனீ ஒரு சொட்டுத் தேனோடு வந்து தயங்கி நின்றது. "பூப்பூவாப் போய் வந்ததுல உங்க இனிப்பு எல்லாத்துலயும் கலந்துபோச்சு அக்கா. திருப்பித் தரலாம்னா, எது உங்களதுன்னு பிரிக்கத் தெரியல."

சொட்டு இலையில் பட்டதும், "வந்துட்டியா கண்ணு" என்று அவள் அந்தச் சொட்டை இலைக்குள் சுருட்டி அணைத்துக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை. தேனீயும் அவசரப்படுத்தாமல் காத்திருந்தது. கடைசியில் அவளே இலையை விரித்து, "கொண்டு போடி. குஞ்சுங்க பசியோட இருக்கும்" என்றாள்.

அன்று முதல்தான், அவள் இலையை மென்றுவிட்டு வெல்லத்தை வாயில் போட்டால் மண்ணைத் தின்பது போல் இருக்கிறது. வெல்லத்தின் இனிப்பு எங்கும் தொலைந்துபோகவில்லை. தன்னுடையதாக இருக்குமோ என்று அவள் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கொஞ்சம் பொறுங்கள், கொடுத்துவிடுவாள்.