ஈர மூங்கில்

"ஒரு மனுசனை நான் கொன்னுட்டேனா, அம்மா?" என்று கேட்டார் வெயிலுமுத்து.

 உடைந்து வந்த சைக்கிள் பிரேமைப் பொன்னுருவி கையில் எடுத்தாள்.

மலையடிவாரத்தில் மூங்கிலில் சைக்கிள் செய்பவள் அவள். வெயிலுமுத்து அவளைவிட மூத்தவர். பாதி ஆயுளை இரும்பு வெல்டிங்கில் கழித்துவிட்டு அவளிடம் சீடராக வந்தவர். அவர் தனியாகக் கட்டிய முதல் பிரேம் அது.

இரும்புச் சைக்கிளை ஏற்றத்தில் தள்ள முடியவில்லை என்று ரொட்டி விற்கும் சூசை கேட்டு வாங்கியது. அதில்தான் மலை வீடுகளுக்கு ரொட்டி கொண்டுபோனார். இறக்கத்தில் மூட்டு கழன்றது. பாறையில் விழுந்தவர் எழவில்லை. அடக்கம் முடிந்து வாரம் ஆகவில்லை.

பொன்னுருவி மூங்கிலின் நுனியை, நார் சுற்றிப் பசையிட்ட மூட்டுக்குள் செருகினாள். கட்டும்போது இறுகப் பிடித்திருந்தது, இப்போது லொடலொடவென்று ஆடியது.

"காயாத மூங்கில், அண்ணாச்சி. ஓட ஓடச் சுருங்கிருக்கு."

"அப்ப என் தப்புதானா?"

"ஆமா."

ஆறுதலுக்குக் காத்திருந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். பிறகு அவருக்குக் கோபம் வந்தது.

"கட்டுறதுக்கு முன்னால உங்ககிட்டதான காட்டினேன்? தட்டிப் பாத்துட்டு, காஞ்சிருச்சுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன். காலையில சூசை வீட்டுக்குப் போயி, மரியபுஷ்பத்துகிட்டயும் அதைச் சொல்லிட்டுத்தான் வந்தேன்."

"புருசனைப் பறிகொடுத்தவ... என்ன சொன்னா?"

"அழல. 'வேற சைக்கிள் எப்பக் கிடைக்கும்'னு கேட்டா. ரொட்டி போகலன்னா அவ வீட்டுல அடுப்பு எரியாதுல்லா."

வெயிலுமுத்து துள்ளி எழுந்தார். சுவரோரம் சாய்த்திருந்த மூங்கில்களில் ஒன்றை உருவினார்.

"இன்னைக்கே கட்டிருதேன்."

பொன்னுருவி அவர் கையைப் பிடித்து மூங்கிலின் வெட்டுவாயில் வைத்தாள். சில்லென்று இருந்தது.

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"இது எப்பக் காயும்?"

"மழை விடணும். தை பொறக்கணும்."

"அதுவரைக்கும் அவ என்ன செய்வா?"

பொன்னுருவி வெளியே கை காட்டினாள்.

மலைப்பாதையில் மரியபுஷ்பம் ஏறிக்கொண்டிருந்தாள். தலையில் ரொட்டிக் கூடை.

வெயிலுமுத்து செருப்புப் போடாமல் ஓடினார். வளைவில் அவளை எட்டிப் பிடித்து, மூச்சு வாங்க, கூடைக்குக் கையை நீட்டினார்.

அவள் கொடுக்கவில்லை. அவரை ஒருமுறை பார்த்துவிட்டு மேலே நடந்தாள்.

அவர் பின்னாலேயே நடந்தார்.