பச்சையில் ஒரு பூஜ்ஜியம்

பாளையங்கோட்டையில் செண்பகராமன் என்று ஒரு முட்டி டாக்டர். பதினேழு வருஷமாக முட்டி மாற்றிய கை. அந்தக் கை ஒரே ஒரு தடவை ஐந்து டிகிரி தப்பியது. மீன்கூடை சுமந்து தெருத்தெருவாக நடக்கும் வெயிலுகந்தம்மாவின் இடது காலில். நடையில் லேசாகத்தான் தெரியும். எக்ஸ்ரேயில் நன்றாகத் தெரியும். டாக்டருக்குக் கண்ணை மூடினாலும் தெரியும்.

இப்போது வலது முட்டியும் போய்விட்டது. கால் வில்லாக வளைந்து கிடந்தது. நடுவில் ஆட்டுக்குட்டி புகுந்து போகும் என்று அந்த அம்மாவே சொல்லிச் சிரித்தார். போன தடவை கொஞ்சம் கோணலாகிவிட்டது, வேறு டாக்டரிடம் போங்கள் என்று செண்பகராமன் உள்ளதைச் சொல்லிப் பார்த்தார்.

"நீரு சொன்னதுனாலதான தெரியுது. வேற ஆளு சொல்லவே மாட்டான்லா" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார் அந்த அம்மா.

அதனால்தான், கம்ப்யூட்டர் கோணம் காட்ட முட்டி மாற்றும் வித்தையைக் கற்கச் செண்பகராமன் சிஷ்யரானார். குரு, பொன்னரசி. கல்லூரியில் அவருக்கு மூன்று வருஷம் இளையவர். முதல் வருஷத்தில் இதே பொன்னரசியை நிற்க வைத்துப் பாத எலும்புகளின் பெயரையெல்லாம் பாட்டாகப் பாடச் சொன்ன சீனியர் இவர். இன்று ஆபரேஷன் தியேட்டருக்குள் இவர் அவரை மேடம் என்கிறார். அவர் இவரை இன்னும் அண்ணா என்கிறார். இரண்டு பேரும் மாற்றிக்கொள்வதாக இல்லை.

இந்தக் கம்ப்யூட்டரை எப்போது நம்பலாம்? இதே கேள்வியை இருபது ஆபரேஷனில் இருபது தடவை கேட்டாயிற்று. பொன்னரசி ஒரு தடவைகூடப் பதில் சொல்லவில்லை. அடுத்த வேலையைச் சொல்வார்.

வேலை இதுதான். தொடை எலும்பில் ஒரு கம்பி, கீழ்க்கால் எலும்பில் ஒரு கம்பி. இரண்டின் தலையிலும் பளபளக்கும் உருண்டைகள். ஓரமாக நிற்கும் கேமரா அந்த உருண்டைகளைத்தான் பார்க்கும், எலும்பைப் பார்க்காது. டாக்டர்தான் கூர்முனைக் கோல் ஒன்றால் இது முட்டி, இது கணுக்கால் என்று தொட்டுக் காட்ட வேண்டும். தொட்டதை வைத்து அது காலை வரைந்துகொள்ளும்.

அன்று வெயிலுகந்தம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்க ஊசி போட்டிருந்தது. பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் விழித்தபடி படுத்திருந்தார். ரத்தம் வராமல் தொடையில் இறுக்கிய பட்டைக்கு நேரம் பார்க்கிற சிஸ்டர் எஸ்தர், ரயில் வரப்போவதை அறிவிப்பதுபோல ஒரே ராகத்தில் நிமிஷங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். செண்பகராமன் நின்ற இடத்தில் நிற்கவில்லை. இந்தக் கால் மாறி அந்தக் கால், திரையை எட்டிப் பார்க்க, எஸ்தரைத் திரும்பிப் பார்க்க.

எல்லாவற்றையும் தொட்டு முடித்து, ரம்பத்துக்கு வழிகாட்டும் அச்சைப் பொருத்தினார். திரையின் மூலையில் பச்சையில் பூஜ்ஜியம். ஒரு டிகிரிகூடக் கோணல் இல்லை. மகன் பாஸான செய்தி வந்த அப்பா மாதிரி அதைப் பார்த்தார். ரம்பத்தை எடுத்தார்.

"வெட்டட்டுமா, மேடம்?"

பொன்னரசி ரம்பத்தை வாங்கி வைத்துவிட்டுக் கோலை நீட்டினார்.

"கணுக்காலைத் தொடுங்க, அண்ணா."

"அதான் தொட்டாச்சே."

"தொடுங்க."

முப்பத்தோரு நிமிஷம் என்றார் எஸ்தர். செண்பகராமனுக்குச் சுருக்கென்றது. கோலைக் கணுக்கால் எலும்பில் அழுத்தி வைத்தார்.

திரையில் கோலின் முனை காலைவிட்டு இரண்டு விரல் தள்ளி, அந்தரத்தில் நின்றது.

கையைப் பார்த்தார். கை எலும்பின் மேல்தான் இருந்தது. திரையைப் பார்த்தார். மூலையில் பூஜ்ஜியம், அதே பச்சை.

கீழ்க்கம்பியின் தலையைப் பொன்னரசி விரலால் தொட்டார். தளர்ந்து திரும்பியது; திரையில் வரைந்த காலும் அதோடு திரும்பியிருந்தது. யாருடைய முழங்கையோ இடித்திருக்கிறது. யாருடையது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எல்லோரும் செண்பகராமனின் முழங்கையைப் பார்த்தார்கள்.

"என்ன டாக்டரு, பேச்சையே காணோம்?" துணிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "காலு கெடக்கா?"

"இருக்கும்மா" என்றார் செண்பகராமன்.

கம்பியை முறுக்கி, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொட்டார்கள். அச்சு வைத்த இடத்திலேயே இருந்தது. மூலையில் இப்போது சிவப்பில் நாலு டிகிரி. எஸ்தர் நிமிஷம் சொல்ல மறந்துபோனார்.

அச்சை நகர்த்தினார். நாலு மூன்றாகி, ஒன்றாகி, பூஜ்ஜியமானது. மறுபடி ரம்பத்தை எடுத்தார். பொன்னரசி மறுபடி கோலை நீட்டினார். இந்தத் தடவை முனை திரையிலும் எலும்பின் மேலேயே உட்கார்ந்தது.

வெட்டினார். புது மூட்டைப் பொருத்தி நீட்டிப் பார்த்தபோது கால் நேராகக் கிடந்தது.

தையல் போடும்போது குனிந்தபடியே, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"கம்பி அசைஞ்சிருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது, மேடம்?"

"எனக்குத் தெரியாது, அண்ணா."

"பிறகு எதுக்குத் தொடச் சொன்னீங்க?"

"வெட்டினப்புறம் தொட்டு என்ன பிரயோஜனம்? நீங்க ரம்பத்தை எடுத்தீங்க."