சொல்லாததைத் தின்ன பேய்

ஒரு ஊர்ல ஒரு பனையேறியும் அவன் பொண்டாட்டியும் இருந்தாங்க. ஊருன்னா பெரிய ஊரெல்லாம் இல்லை, தேரிக்காடு, கண்ணுக்கு எட்டுன மட்டும் செவப்பு மணலும் பனையும்தான். நடந்தா கால் புதையும், நின்னா கால் சுடும், அப்படி ஒரு இடம். அவன் பேரு மாடக்கண்ணு, அவ பேரு ஆவுடை. எல்லாரும் காலை நீட்டிப் படுத்தாச்சா? குறுக்க யாரும் பேசக்கூடாது, கேள்வியெல்லாம் கடைசியில.

மாடக்கண்ணு வெளுக்கறதுக்கு முன்னாடியே பனையேறப் போயிருவான். ஏறுவான், பாளையைச் சீவுவான், பதநீரை எடுத்துக்கிட்டு இறங்குவான், அடுத்த பனை. ஏறுவான், இறங்குவான், ஏறுவான், இறங்குவான், அதான் அவன் பொழப்பு. ஆவுடை அந்தப் பதநீரைப் பெரிய சட்டியில ஊத்தி, அடுப்பை எரிச்சு, கருப்பட்டி காய்ச்சுவா. கிண்டுவா, கிண்டுவா, கிண்டிக்கிட்டே இருப்பா, கண்ணுல புகை, கையில கொப்புளம், அதான் அவ பொழப்பு. இதுல யாரு பொழப்பு சுகம்னு கேட்டா ரெண்டும் இல்லை.

சரி, பாடு யாருக்குத்தான் இல்லை. ஆனா இந்தக் கதை நடக்கறதுக்கு முந்தின வருசம் அவங்களுக்கு ஒரு ஆம்பளைப் பிள்ளை பிறந்து, பேரு வைக்கறதுக்கு முன்னாடியே போயிருச்சு. அதோட வீட்டுல பேச்சு நின்னுபோச்சு. சண்டை ஒண்ணும் இல்லை. "கஞ்சி ஊத்தவா?"ன்னு அவ கேப்பா, "ஊத்து"ன்னு அவன் சொல்லுவான். "போயிட்டு வாரேன்"னு அவன் சொல்லுவான், "சரி"ன்னு அவ சொல்லுவா. அவ்வளவுதான். நம்ம சொல்லி அவரு கலங்கணுமான்னு இவளுக்கு, நம்ம சொல்லி அவ கலங்கணுமான்னு அவனுக்கு. இப்படியே நாளு போச்சு.

ஒரு நாள் ஆவுடை அடுப்புக்குக் காய்ஞ்ச ஓலை பொறுக்கப் போனா. காட்டுக்கு நடுவுல ஒரே ஒரு பனை தனியா நிக்கும், அதுக்கு ஒத்தப்பனைன்னு பேரு. அது அடியில குனிஞ்சா, நிமிர முடியலை, அப்படியே உக்காந்து பெருமூச்சு விட்டா. அப்போ ஒரு குரல் கேட்டுது.

"ஏன் தாயி, அலுப்பா இருக்கா?"

சுத்தி முத்திப் பாத்தா, ஆளில்லை. சின்னக் குரலு, கிணத்துக்குள்ள இருந்து வாரது மாதிரி. பயம் வரணும்ல? அவளுக்கு வரலை. ஏன்னா, அவளை அப்படி ஒருத்தர் கேட்டு வருசம் ஆச்சு. உடனே சொல்லிட்டா. "கண்ணு எரியுது, சாயங்காலம் ஆனா எல்லாம் மங்கலா தெரியுது. இந்தக் கண்ணு போயிட்டா நான் என்ன செய்வேன்"னு சொல்லி அழுதா.

"எங்கிட்ட சொல்லிட்டேல்ல, அது போதும். வீட்டுல சொல்லாத. பாவம் மாடக்கண்ணு, வெயில்ல ஏறி இறங்கிட்டு வாரான், அவன் தலையில இதையும் ஏத்தாத."

நியாயமாத்தான இருக்குன்னு எழுந்திரிச்சா. நெஞ்சு லேசா இருந்துச்சு. வீட்டுக்கு வந்து பாத்தா, லேசா இல்லை, காலியா இருந்துச்சு. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு, கேட்டீங்களா.

கொஞ்ச நாள் கழிச்சு ரெண்டாந்தடவை போனா. இப்போ பனைமூட்டுல ரெண்டு பாதம் தெரிஞ்சுது, ஒவ்வொண்ணும் முறம் மாதிரி. "ஏன் தாயி, அலுப்பா இருக்கா?" குரலும் முன்னைக்குக் கொழுத்திருந்துச்சு. அவ மனசுக்குள்ள யாருக்கும் காட்டாம வச்சிருந்ததைச் சொன்னா. "எனக்கு வலி வந்த அன்னைக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தேன், அவரு பனை மேலயே இருந்தாரு. சீக்கிரம் இறங்கி மருத்துவச்சியைக் கூட்டிட்டு வந்திருந்தா என் பிள்ளை இருந்திருக்கும். அவராலதான் போச்சுன்னு தோணுது. தோணக்கூடாது, ஆனா தோணுது."

"சொல்லிராத தாயி, அவன்கிட்ட மட்டும் சொல்லிராத. உன்னை விட்டுட்டுப் போயிருவான்"னுச்சு அந்தக் குரல். அவளும் சொல்லலை. வீட்டுக்கு வந்து கஞ்சி குடிச்சா, மண்ணு மாதிரி இருந்துச்சு. அவன் எதிர்க்க உக்காந்திருந்தான். அவன் இருந்த மாதிரியும் இல்லை, இவ இருந்த மாதிரியும் இல்லை.

மூணாந்தடவை அவ துக்கத்தோட போகலை. அவ வயித்துல மறுபடி ஒரு பிள்ளை தங்கியிருந்துச்சு. தளும்புற குடத்தைத் தூக்கிட்டு நடக்கற மாதிரி, சிந்தாம சிதறாம அதை நெஞ்சுக்குள்ள வச்சிருந்தா, அவரு இறங்கி வந்ததும் சொல்லணும்னு. ஆனா அடுப்புக்கு ஓலை வேணும்ல, ஒத்தப்பனைக்குப் போனா. இப்போ பாதம், முழங்கால், இடுப்பு எல்லாம் தெரியுது, பனை உயரத்துக்கு ஒரு பேய் மரத்தோட ஒட்டிக்கிட்டு நிக்குது, தலை மட்டும் ஓலைக்குள்ள மறைஞ்சிருக்கு.

"இன்னைக்கு ஏதோ இனிப்பா கொண்டு வந்திருக்கியே தாயி."

"இதை முதல்ல அவருகிட்டதான் சொல்லணும்."

"சொல்லு. போன தடவையும் முதல்ல அவன்கிட்டதான சொன்ன. என்ன ஆச்சு?"

ஆவுடை, கண்ணு பட்டிருமோ, வாயால சொன்னா கரைஞ்சிருமோன்னு பயந்து, புருசன்கிட்ட சொல்ல வேண்டியதைப் பேய்கிட்ட சொல்லிட்டா. அது சப்புக்கொட்டித் தின்னுச்சு. சந்தோசத்தை எல்லாம் தின்னுட்டு பயத்தை மட்டும் மிச்சம் வச்சுது.

வீட்டுக்கு வந்து அடுப்பு முன்னால உக்காந்தா. கை கிண்டுது, மனசு அங்க இல்லை. ஒரு நேரம் போன வருசத்துக்குப் போய் அந்தக் காலித் தொட்டிலைப் பாக்குது, ஒரு நேரம் வாரப்போற மாசத்துக்குப் போய் இன்னொரு காலித் தொட்டிலைப் பாக்குது. இங்க சட்டியில பாகு பொங்குச்சு, கெட்டியாச்சு, கருகிப்போச்சு. மூக்குல நாத்தம் ஏறுனப்புறம்தான் அவளுக்குத் தெரிஞ்சுது. காலையில இருந்து அவன் ஏறி இறங்குனது அத்தனையும் சட்டியோட அடியில கரியா கிடந்துச்சு.

எழுந்திரிச்சு சட்டியை இறக்கக்கூடத் தெம்பில்லை. ஓலை பொறுக்கப் போகவும் தெம்பில்லை. அந்த ஒத்தப்பனை வரைக்கும் நடக்கணுமேன்னு நினைச்சாலே கால் அழுதுச்சு. அப்படியே உக்காந்திருந்தா.

பொழுது சாயற நேரம் மாடக்கண்ணு வந்தான். சட்டியைப் பாத்தான். அவனே இறக்கி வச்சுட்டு அவ பக்கத்துல மண்ணுல உக்காந்தான். அப்புறம் ஆவுடை சொன்னா.

"கால் வலிக்குது."

பெருசா ஒண்ணும் இல்லை பாருங்க, கால் வலிக்குதுன்னு ஒரு வார்த்தை. அவன் தலையைத் திருப்பி அவளைப் பாத்தான்.

"எனக்கும்"னான்.

"எங்க?"

"முழங்கால்ல. வலியில்லை, நடுக்கம். உச்சிக்குப் போனா நடுங்குது. ஒரு தடவை வழுக்கிட்டேன், ஓலையைப் பிடிச்சுத் தப்பிச்சேன். அதுல இருந்து ஒவ்வொரு பனையிலயும் இன்னைக்குத்தான் விழப்போறோம்னு நினைச்சுக்கிட்டேதான் ஏறுதேன்."

"இத்தனை நாளா யாருகிட்டயும் சொல்லலையா?"

அவன் மண்ணைக் கிளறிக்கிட்டே இருந்தான். "ஒரு இடத்துல சொன்னேன். ஒத்தப்பனை உச்சியில ஒரு குரல் கேக்கும். முதல் நாளு, 'ஏன் மாடக்கண்ணு, அலுப்பா இருக்கா'ன்னு கேட்டுச்சு. சொல்லிட்டேன். உங்கிட்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னுச்சு."

ஆவுடைக்கு இப்போ புரிஞ்சுது, அந்தப் பேயோட தலை எங்க இருந்துச்சுன்னு. பாதம் கீழ இவகிட்ட, தலை மேல அவன்கிட்ட. ரெண்டு பேரு சோத்தையும் ஒரே வாய் தின்னிருக்கு.

"எங்கிட்டயும் அதைத்தான் சொல்லுச்சு"ன்னா. அப்புறம் கண்ணு மங்குறதைச் சொன்னா. அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, அதையும் சொன்னா. "பிள்ளை போனது உங்களாலதான்னு எனக்குத் தோணுது. ரொம்ப நாளா தோணுது."

அடுப்புல நெருப்பு அணைஞ்சுக்கிட்டே வந்துச்சு. எழுந்து போயிருவானோன்னு அவ பாத்தா. போகலை.

"எனக்கும் அப்படித்தான் தோணுது"ன்னான். "நீ கூப்பிட்டது கேட்டுச்சு. இன்னும் ஒரே ஒரு பனை, அதையும் முடிச்சிரலாம்னு ஏறுனேன். அதான் உன் மூஞ்சியைப் பாக்க முடியாம, இறங்க வேண்டிய நேரத்துலயும் மேலயே உக்காந்திருக்கேன்."

ரெண்டு பேரும் அழுதாங்க. முன்னாடி தனித்தனியா அழுதது வேற, இது வேற. அழுது முடிச்சு, ஆளுக்கொரு சட்டியில கஞ்சியை ஊத்திக் குடிச்சாங்க. அவன் ஒரு வாய் குடிச்சுட்டு, "கஞ்சியில உப்பில்லையே"ன்னான்.

அவளும் குடிச்சுப் பாத்தா. "ஆமா, இல்லை. எத்தனை நாளா இல்லையோ தெரியலை, நானும் போடலை, நீங்களும் கேக்கலை." அவன் லேசா சிரிச்சான். அவ எழுந்து போயி உப்பு எடுத்துட்டு வந்தா.

வயித்துல இருந்ததை மட்டும் அவ இன்னும் சொல்லலை. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, பயம் இழுத்து உள்ள போட்டிருச்சு. ஓலையை வேற இடத்துல பொறுக்கிக்கிட்டா, ஒத்தப்பனைப் பக்கம் போகலை. அவனும் அந்தப் பனையை ஏறாம விட்டுட்டான்.

பேய் பாத்துச்சு. ஒரு நாள் பாத்துச்சு, மறுநாள் பாத்துச்சு, அதுக்கு மறுநாளும் பாத்துச்சு. பசி தாங்கலை. விளக்கேத்துற நேரமா மரத்தை விட்டு இறங்கி, மண்ணுல தொம் தொம்னு காலை வச்சு இவங்க குடிசைக்கே வந்துருச்சு. ரெண்டா மடங்கிக் குனிஞ்சு, வாசல்ல தலையை நீட்டுச்சு.

"மாடக்கண்ணு, உனக்கு ஒரு சேதி. பிள்ளை செத்தது உன்னாலதான்னு உன் பொண்டாட்டி எங்கிட்ட சொன்னா."

"எங்கிட்டயும் சொன்னா"ன்னான் மாடக்கண்ணு. "சரின்னேன்."

பேய் பனை உயரத்துல இருந்து சரசரன்னு ஆள் உயரத்துக்கு வந்துருச்சு. அதுக்கே திக்குனு ஆயிருச்சு. இவ பக்கம் திரும்புச்சு.

"ஆவுடை, உன் மூஞ்சியைப் பாக்கப் பிடிக்காமத்தான் இவன் பனை மேல உக்காந்திருக்கான். எங்கிட்ட சொன்னான்."

"தெரியும். இப்பல்லாம் நேரத்துக்கு இறங்கிருதாரு"ன்னா ஆவுடை.

பேய் சுருங்கிச் சுருங்கி ஒரு கலயம் அளவுக்கு ஆயிருச்சு. ஆனா ஒண்ணு மிச்சம் வச்சிருந்துச்சுல்ல. அந்தக் குட்டிக் கண்ணை உருட்டிக்கிட்டு சொல்லுச்சு. "இதைக் கேளு மாடக்கண்ணு. இவ வயித்துல பிள்ளை இருக்கு. உங்கிட்ட சொன்னாளா? சொல்லலை. எங்கிட்டதான் முதல்ல சொன்னா. உன்னை நம்பலை."

மாடக்கண்ணு முகம் அப்படியே நின்னுபோச்சு. அவனுக்குத் தெரியாதுல்ல. மெதுவா ஆவுடை பக்கம் திரும்பினான். பேய் மறுபடி ஒரு சாண் வளந்துச்சு.

"நிசந்தான்"னா ஆவுடை. "பயந்து சொல்லாம இருந்துட்டேன். இப்போ சொல்லுதேன். எனக்கு இப்பவும் பயமாத்தான் இருக்கு."

அவன் அவளையே பாத்தான். அவ கண்ணுக்குக் கீழ இருந்த கருப்பைப் பாத்தான், கையில இருந்த கொப்புளத்தைப் பாத்தான். பேய் வாயைத் திறந்து காத்துக்கிட்டு இருக்கு.

"காலையில இருந்து ஏதாச்சும் சாப்பிட்டியா நீ?"ன்னான்.

"இல்லை"ன்னா அவ.

அவன் எழுந்தான். அடுப்பை மூட்டுனான், சோறு வைக்கத் தண்ணி ஊத்துனான். பேய் வாசல்ல இருக்கறதையே ரெண்டு பேரும் மறந்துட்டாங்க. அது கலயத்துல இருந்து சிரட்டையாகி, சிரட்டையில இருந்து வண்டாகி, மணல்ல ஊர்ந்து ஊர்ந்து போயிருச்சு.

அதுக்கப்புறம் பாடெல்லாம் தீந்துபோச்சான்னு கேக்காதீங்க, தீரலை. அவன் உயரமான பனையை எல்லாம் விட்டுட்டுக் குட்டைப் பனையா பாத்து ஏறுனான், வரும்படி குறைஞ்சுது. கூரையில புகை போக அவன் ஓட்டை போட்டுக் கொடுத்தான், அவ கண்ணு சரியாகலை, மோசமாகவும் இல்லை. பயம் வந்தா, "பயமா இருக்கு"ன்னு அவ சொல்லுவா, "எனக்கும்தான்"னு அவன் சொல்லுவான், அப்புறம் ரெண்டு பேரும் சட்டியைப் பாப்பாங்க, பாகு பதம் வந்துருச்சான்னு. பங்குனியில பிள்ளை பிறந்துச்சு, பொம்பளைப் பிள்ளை. வலி வந்தப்போ அவன் பனையிலயே இல்லை, காலையில இருந்து வாசல்லதான் உக்காந்திருந்தான். பிள்ளை இருந்துச்சு, நல்லா இருந்துச்சு.

அந்தப் பேய் என்னாச்சு? திரும்பவும் ஒத்தப்பனையில ஏறி ஓலைக்குள்ள கிடக்கு. இப்போ அதுக்கே பசி, அதுக்கே துக்கம், வாரவன் போறவனை எல்லாம் கூப்பிட்டுத் தன் கதையைச் சொல்லப் பாக்குது. குரல் எழும்பினாத்தான. காய்ஞ்ச ஓலையில காத்து அடிச்சா முணுமுணுன்னு ஒரு சத்தம் வருதே, அதுதான். கேக்க ஒருத்தரும் நிக்கறதில்லை.

நல்லதோ கெட்டதோ, கூட இருக்கவங்ககிட்ட சொல்லிரணும், அன்னைக்குள்ளதை அன்னைக்கே சொல்லிரணும். அவ்வளவுதான். அவங்க அங்க கஞ்சி குடிச்சுட்டுப் படுத்துட்டாங்க, நம்மளும் இங்க படுத்தாச்சு. யாருக்காவது எங்கயாவது வலிச்சா இப்பவே சொல்லிட்டுத் தூங்குங்க.