எதிர்வீட்டுக்குத் தெரிஞ்ச டிவி

கான்ட்ராக்டர் வைரவநாதன், எதிர்வீட்டு மச்சான் வாயப் பொளக்கணும்னே எண்பத்தஞ்சு இஞ்சு டிவி வாங்கி, தன்னோட ஆறடி அகல ஹால்ல மாட்ட வச்சாரு. சோபாவுல உக்காந்து பாத்தா கழுத்து வலிக்குது, படமெல்லாம் புள்ளி புள்ளியாத் தெரியுது.

டிவிய மாட்டின கடை ஆளு சுடலைமுத்துவக் கூப்பிட்டு எகிறினாரு. "டிவியும் மாறாது, சோபாவும் நகராது. ஆனா படம் சரியாத் தெரியணும். இல்ல, கடையில சொல்லி உன் வேலையக் காலி பண்ணிருவேன்!"

"சரியாத் தெரியிற எடத்தக் காட்டுறேன் மொதலாளி"ன்னு சுடலை டேப்ப டிவியில வச்சு இழுத்தான். சோபாவத் தாண்டி, ஜன்னல் வழியா குறுகுன தெருவையும் தாண்டி, பன்னெண்டாவது அடி எதிர்வீட்டு வராந்தாவுல போயி நின்னுச்சு. அங்க மச்சான் கால நீட்டி உக்காந்து, முறுக்கக் கடிச்சிக்கிட்டிருந்தாரு.

"இதான் மொதலாளி சரியான தூரம்!"

"ஆமா மச்சான், ஒரு வாரமா ஜம்முன்னு தெரியுது. சவுண்ட மட்டும் கொஞ்சம் கூட்டி வைங்க!"ன்னு வராந்தாவுலருந்தே குரல் குடுத்தாரு எதிர்வீட்டுக்காரரு.

வைரவநாதன் மூஞ்சி சுண்டிப்போச்சு. "டேய் சுடலை, நாளைக்கே நாப்பத்திமூணு இஞ்சு கொண்டாந்து மாட்டுடா. இப்ப மொதல்ல அந்த ஜன்னலச் சாத்து!"