சுவரின் சுருதி

"இந்தச் சுவர் சுருதியில நிக்கவே மாட்டேங்குது, டீச்சர்" என்றார் திருவேங்கடம்.

வயலின் வாசித்தே தலை நரைத்தவர். டீச்சர் நஸீமாவுக்கு அவர் வயதில் பாதி.

சுவருக்குள் ஓடும் மின்சாரத்தின் ரீங்காரத்தைக் கேட்கவைப்பது அவள் கலை. அதைத்தான் அவர் அவளிடம் கற்றுக்கொண்டிருந்தார். சுவரில் செம்புக் கம்பிச் சுருள் ஒன்றை ஒட்டுவாள். பேட்டரியில் ஓடும் ஸ்பீக்கரை அதோடு இணைப்பாள். சுவர் பேசும். கரண்ட் போனால் சுவர் வாயை மூடிக்கொள்ளும். அவளும் சும்மா இருப்பாள்.

"என்ன பண்ணுது சார்?"

"பக்கத்து வீட்ல மோட்டார் போட்டா தடிக்குது. கீழ மாவு மெஷின் ஓடினா கரகரங்குது. கண்டவனும் என் ஆலாபனையில கை வைக்கிறான்."

"உங்க ஆலாபனையா?"

அவர் சுருளை நாலு விரல் தள்ளி ஒட்டிப் பார்த்தார்.

"கேளுங்க சார்."

"கேட்டுக்கிட்டுதானே இருக்கேன்."

"இல்ல. திருத்திக்கிட்டு இருக்கீங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை அவருக்கு அரங்கேற்றம். முன்வரிசை முழுக்க அவருடைய வயலின் மாணவர்கள். அவர்கள் காதில் அபஸ்வரம் விழுவதா? அவரால் தாங்க முடியவில்லை.

அன்று யாரும் வருமுன் சுருளைச் சுவரில் ஒட்டினார். அதன் மறுமுனையை எதிலும் செருகாமல் மேசை விரிப்புக்கு அடியில் தள்ளினார். வீட்டுக் கணினியில் செய்த ரீங்காரம் ஒன்று ஜிப்பா பையில், போனில் இருந்தது. அதைத்தான் ஸ்பீக்கர் பாடியது.

சபை சொக்கிப்போனது.

"சுவருக்குள்ள இவ்வளவு சுத்தமா!" என்றார் ஒருவர்.

அப்போது கரண்ட் போனது.

மின்விசிறிகள் தளர்ந்து நின்றன. ரீங்காரம் நிற்கவில்லை. இம்மியும் பிசகாமல் ஓடியது.

முதலில் கைதட்டினார்கள். பிறகு கைதட்டல் மெலிந்தது.

"அதெப்படிப்பா?" என்றது பின்வரிசை. யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

மாணவி கோமளவல்லி அவசரமாக எழுந்தாள். "அந்தச் சுவருக்கு மட்டும் இன்வெர்ட்டர் இருக்கா சார்?"

கைகொடுக்கத்தான் கேட்டாள். 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை போதும்.

திருவேங்கடம் நஸீமாவைப் பார்த்தார். தப்பு செய்தவள் தான்தான் என்பதுபோல அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்வெர்ட்டர் இல்லம்மா."

போனை எடுத்து எல்லோரும் பார்க்க மேசைமேல் வைத்தார். காது மடல் சுட்டது. கோமளவல்லி மெல்ல உட்கார்ந்தாள். அவர் முகத்தைப் பார்க்காமலே உட்கார்ந்தாள்.

போனை அணைக்க விரலை நீட்டினார்.

"நிறுத்தாதீங்க சார்" என்றாள் நஸீமா.

"மானம் போகுது டீச்சர்."

"கரண்ட் வர்ற வரைக்கும் ஓடட்டும். வந்ததும் சுருளைச் செருகுங்க, சுவர் பேசட்டும்."