லாரோய் என்ற பன்மை

அந்தக் காலத்தில், பறவைகள் மனிதரோடு சரிக்குச் சரி பேசி வழக்காடிய நாளில், கிரேக்க நாட்டின் பாறைக் கரையொன்றில் பெயரில்லாத ஊர் ஒன்று இருந்தது. அங்கே தெயானோ என்றொரு மீனவப் பெண். அவள் கணவனும் தம்பிமாரும் ஊர் ஆண்களோடு கடலுக்குப் போயிருந்த ஒரு காலையில் மூடுபனி இறங்கியது. துறைவாயைத் தவறவிட்டால் படகுகள் பாறையில் மோதிச் சிதறிவிடும்.

தெயானோ கடற்காகங்களின் தலைவனிடம் ஓடினாள். "உன் குரல் பனியையும் துளைக்கும். கூப்பிட்டுக் கரைசேர்த்துவிடு."

"சேர்க்கிறேன். இந்த ஊருக்கு என் பெயரை வைப்பாயா?" கிரேக்க மொழியில் கடற்காகத்துக்கு லாரோஸ் என்று பெயர்.

"வைக்கிறேன். வாக்கு."

தலைவன் உச்சிப் பாறையில் நின்று கத்தினான். குரல் பாறைக்குப் பாறை எதிரொலித்ததில், கரை எந்தப் பக்கம் என்று படகுக்காரர்களுக்குப் பிடிபடவில்லை. பனிக்குள் ஏதோ ஒரு துடுப்பு பாறையில் முறிந்தது.

அப்போது சிறகொடிந்த கிழட்டுக் கடற்காகம் ஒன்று தத்தித் தத்தித் துறைவாயின் இடப்பக்கப் பாறையில் ஏறிக் கத்தியது. அதைப் பார்த்து இன்னொன்று வலப்பக்கம் போய் உட்கார்ந்தது. பிறகு கூட்டமே திரண்டு இரு பக்கமும் வரிசை பிடித்துக் கத்தியது. இரண்டு இரைச்சலுக்கும் நடுவே சத்தமில்லாத இடம்தான் வழி என்று படகுக்காரர்கள் கண்டுகொண்டார்கள். எல்லோரும் உயிரோடு கரையேறினார்கள்.

ஊர் கூடி நிற்க, தெயானோ துறைக் கல்லில் பெயரை வெட்டத் தொடங்கினாள். 'லாரோ' வரை வந்ததும் உளி நின்றது.

"வாக்குத் தவறப் போகிறாயா?" என்றான் தலைவன்.

"தவறமாட்டேன். உன் பெயரைத்தான் வெட்டுகிறேன். ஆனால் உன் ஒருவன் பெயராக மட்டும் வெட்டினால் அது பொய்யாகிவிடும்."

கடைசியில் 'ஸ்' வெட்டாமல் 'ய்' வெட்டினாள். லாரோஸ் என்றால் ஒரு கடற்காகம். லாரோய் என்றால் கடற்காகங்கள்.

தலைவன் கல்லருகே வந்து பார்த்தான். "இதில் நான் இருக்கிறேனா?"

"இருக்கிறாய். அந்தச் சிறகொடிந்த கிழவியும் இருக்கிறாள்."

அவன் மார்பை நிமிர்த்திக்கொண்டான். "என் ஒருவன் பெயரென்றால் என்னோடு போயிருக்கும். இது போகாது. இருக்கட்டும்."

அன்று முதல்தான் அந்த ஊர்ப் பெயருக்கு ஒருமையே இல்லாமல் போனது. அங்கிருந்து ஒரே ஓர் ஆள் வந்து நின்றாலும், எந்த ஊர் என்று கேட்டால், தலை நிமிர்ந்து பன்மையில்தான் சொல்வார்: "லாரோய்."